விஷப் புட்டியின் மேலுள்ள குறி யாருக்கு விளங்குகிறது?

சேத்தூருக்கு அடுத்த தேவதானத்தில் கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று திருநாமம். பகையரசன் ஒருவன் விஷந் தோய்ந்த ஆடையைப் பரிசுபோலப் பாண்டியனுக்கு அனுப்பினான் என்றும், இறைவன் முன்னதாகவே அறிவித்தமையால் பாண்டியன் உயிர் தப்பினான் என்றும் தலவரலாறு கூறும். சரித்திர ஆராய்ச்சிக்காரர் இதைப்பற்றி என்ன சொல்வர் என்பது வேறு விஷயம். நாம் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. எச்சரிக்கையானது ஆடையை உடுத்தவிருந்தவனிடமே போய்ச் சேர்ந்தது. அரண்மனைக் கணக்கனிடம் அன்று, ஆடையைச் சுமந்து வந்தவனிடமும் அன்று. அவனுக்கு விளங்கும் வகையிலும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வயல்களிலும் தோப்புகளிலும், இராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பருத்திக் காடுகளிலும், இன்று விஷந் தோய்ந்த ஆடையை உடுத்துபவன் அரசனல்லன். தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் கூலியாள் அவன். தோளிலும் முதுகிலும் மருந்து நீர் கசிகிறது. காற்று எதிர்த்தால் முகத்திலும் விழுகிறது. நனைந்த சட்டையோடு பொழுது சாயும் வரை நிற்கிறான். இவனை எச்சரிக்கும் கடமையைச் சட்டமானது புட்டியின்மேல் ஒட்டிய ஒரு காகிதச் சீட்டினிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தச் சீட்டு தன் கடமையைச் செய்கிறதா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

சீட்டு பிறந்த கதை துயரமானது. 1958-ம் வருஷத்தில் கேரளத்தில் கோதுமை மாவினால் செய்த பண்டங்களை உண்டவர்கள் திடீர் திடீரென்று மயங்கி விழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிகொல்லியும் ஏற்றப்பட்டிருந்ததும், அது கசிந்து மாவு மூட்டைகளில் ஊறியதும் பின்னர் வெளிப்பட்டன. நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. 1968-ல் பூச்சிகொல்லிச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன. சாவுக்கும் விதிக்கும் இடையே பதின்மூன்று வருஷங்கள்!

விதி வகுத்தவர்கள் கவனமின்றி வகுத்தார்கள் என்று நாம் கூறோம். சீட்டின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தில், மூலை கீழாக நிறுத்திய ஒரு சதுரம் இருக்கவேண்டும். அதன் கீழ்ப்பாதியில் நிறம். மேற்பாதியில் சொல்லும் சின்னமும். சோதனைப் பிராணிகளில் பாதி மடிவதற்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் வாய்வழி செலுத்தவேண்டும் என்பதைக் கொண்டு விஷங்கள் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. 50 வரை உள்ளது சிவப்பு. மண்டையோடும் குறுக்கெலும்புகளும் அதற்கு உண்டு. ‘விஷம்’ என்ற சொல்லும் உண்டு. 51 முதல் 500 வரை மஞ்சள். சொல் அதே ‘விஷம்’, ஆனால் மண்டையோடு இல்லை. 501 முதல் 5,000 வரை நீலம். ‘அபாயம்’ என்று சொல். அதற்கு மேற்பட்டது பச்சை. ‘எச்சரிக்கை’ என்று சொல். சீட்டும் உடன்வைக்கும் பிரசுரமும் இந்தியிலும், ஆங்கிலத்திலும், விற்பனையாகும் பிரதேசத்தின் ஒன்றிரண்டு பாஷைகளிலும் அச்சிடப்பட வேண்டும் என்பதும் விதி.

காகிதத்தில் பார்க்கும்போது யாவும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆயினும், சதுரத்தின் அளவைப் பதினாறில் ஒரு பங்கு என்று கணித்துச் சொன்ன விதி, அதைப் பார்ப்பவனுக்குப் பொருள் விளங்குகிறதா என்று பரீட்சித்துப் பார்க்கும்படி யாருக்கும் சொல்லவில்லை. எலிக்கு எத்தனை மில்லிகிராம் என்று சோதித்தாயிற்று. மனிதனுக்கு எத்தனை புரிகிறது என்று சோதிக்கவில்லை.

சின்னங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். மண்டையோட்டை நம் நாட்டுக் குழந்தை முதன்முதலில் காண்பது எங்கே? மின்சாரக் கம்பத்தில், ‘அபாயம்’ என்ற பலகையில். ஆகவே அதன் முதற்பொருள் ‘தொட்டால் மின்சாரம் தாக்கும்’ என்பது. கபாலம் ஏந்திய சிவபெருமானையும் கபாலமாலை அணிந்த காளியையும் வணங்குகிற ஜனங்களுக்கு அது பக்திக்குரிய உருவமும் ஆகும். எனினும் மண்டையோடு மரணத்தை நினைப்பூட்டாமற் போவதில்லை; நான்கில் ஓரளவு பேசத் தெரிந்தது அதுவே என்று ஒப்புக்கொள்கிறோம்.

சிவப்பு நிறத்தின் கதி வேடிக்கையானது. சதுரத்தின் கீழ்ப்பாதி எப்படி இருக்கும்? முனை கீழ்நோக்கிய சிவப்பு முக்கோணமாக இருக்கும். 1960-களிலிருந்து சுகாதார நிலையங்களின் சுவர்தோறும் தீட்டப்பட்ட சிவப்பு முக்கோணம் எதைக் குறித்தது என்பதை நம் தாய்மார்கள் நன்கறிவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் கொடிய விஷத்துக்கும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வடிவத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்தை என்னென்பது! ஒரு காரியாலயம் செய்வதை இன்னொரு காரியாலயம் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் சிவப்பைவிட மஞ்சளே நம்மை அதிகம் அச்சுறுத்துகிறது. மண்டையோடு சிவப்புக்கு மட்டும் உரியது என்று ஏற்பட்டபின், மண்டையோடு இல்லாமையும் ஒரு சின்னமாகிவிடுகிறது. ‘இதில் மண்டையோடு இல்லை; ஆகையால் இது கொல்லாது’ என்று ஒருவன் எண்ணினால் அவனைக் குறை கூற முடியுமா? களைகளைக் கருக்கும் பாராகுவாட் என்னும் விஷம் மஞ்சள் வகுப்பைச் சேர்ந்தது. ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிர் பிழைப்பது அரிது. அதற்கு மாற்று மருந்தே இல்லை. சிவப்புச் சதுரமும் மண்டையோடும் கொண்ட மானோகுரோட்டோபாஸுக்காவது அட்ரோபின் என்னும் மாற்று ஆஸ்பத்திரியில் உண்டு. மாற்றுள்ள விஷத்தின்மேல் மண்டையோடு. மாற்றில்லாத விஷத்தின்மேல் மங்கலமான மஞ்சள்! எலியின்மேல் செய்த கணக்கை அப்படியே மனிதன்மேல் ஒட்டினால் வேறென்ன நிகழும்?

பச்சையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? பச்சை கண்டால் போகலாம் என்று தெருவிளக்கு கற்பிக்கிறது. உணவுப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி, ‘சைவம், உண்ணலாம்’ என்று கற்பிக்கிறது. ஆண்டாள் கையிலுள்ள கிளியின் நிறத்தில் அபாயத்தைக் காண்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரார் யாரிடம் பாடம் கேட்டனர்? இதில் ஒரு முரண்பாடும் உள்ளது. பூச்சிகொல்லிச் சீட்டில் ‘பயமற்றது’, ‘விஷமல்லாதது’, ‘தீங்கற்றது’ என்ற சொற்களை அச்சிடலாகாது என்று அதே விதிகள் தடுக்கின்றன. சரியான தடையே. ஆனால் சொல்லினால் சொல்லக்கூடாது என்று தடுத்ததை நிறத்தினால் தாமே சொல்லிவிட்டனர்.

மேலும், நான்கு சதுரங்களும் ஒரே வடிவின, பேதமெல்லாம் நிறத்தில். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடைய ஆண்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அசைவ உணவுக்கு உரிய பழுப்பு வட்டத்தை 2020-ம் வருஷத்து விதிகளில் முக்கோணமாக மாற்றியபோது உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகையோரை நினைத்தனர். உண்பவன் ஆசாரம் கெடாதிருக்க மாற்றிய குறியை, தெளிப்பவன் உயிர் கெடாதிருக்கவும் மாற்றலாம் அல்லவா?

சின்னங்களைக் குறைகூறும் நாம், நம் பாஷையின் குறையை மறைக்கலாகாது. உலகத்தார் கொல்லி என்று அழைப்பதை நாம் மருந்து என்கிறோம். ‘பூச்சி மருந்து’, ‘மருந்துக் கடை’, ‘மருந்து அடிக்கப் போனான்’ என்பவை அன்றாட வழக்கு. பயிருக்கு நோய், நோய்க்கு மருந்து. எனவே இது நல்லது என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே ஊறியிருக்கிறது. அதே கிராமத்தில் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று கேட்டால் மாத்திரம் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுகின்றனர். ஆகவே உண்மை தெரியாதவர்கள் அல்லர். தெரிந்த உண்மையை வேலை நேரத்தில் மறக்கச் செய்யும் சொல் அது. கொட்டை எழுத்தில் ‘நஞ்சு’ என்று தமிழில் இருந்தால், அந்த ஒரு சொல் வண்ணச் சதுரத்தைவிடப் பெரிய காரியம் செய்யும் என்பது நம் அபிப்பிராயம். இப்போதோ, பாஷைகள் பல சேர்ந்து சின்னஞ்சிறு பிரசுரத்தில் நெருக்குண்டு, பூதக்கண்ணாடி கொண்டு வாசிக்கவேண்டிய நிலையில் தமிழ் கிடக்கிறது. விதி நிறைவேறியது, விஷயம் சேரவில்லை.

குறிகளைச் சோதிப்பது புதிய வித்தையன்று. அமெரிக்காவில் எச்சரிக்கைக் குறிகளுக்கு ஒரு பரீட்சை முறை வகுத்திருக்கின்றனர். அப்பொருளைக் கையாளக்கூடிய ஐம்பது பேரிடமாவது குறியைக் காட்டி ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்கவேண்டும். 100-க்கு 85 பேர் சரியாகச் சொன்னால்தான் அது தேறும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. தலைகீழான, உயிருக்கு ஆபத்தான பொருளைக் கொண்டவர் 100-க்கு ஐந்து பேருக்கு மேற்படலாகாது. இந்த இரண்டாவது நிபந்தனையே நுட்பமானது. விளங்காத குறி வீண்; தவறாக விளங்கும் குறியோ தானே ஒரு விஷம். கருவிலுள்ள சிசுவைச் சிதைக்கக்கூடிய முகப்பரு மருந்து ஒன்றின் அட்டையில், கர்ப்பிணியின் உருவம் வரைந்து குறுக்கே கோடிட்டனர். கர்ப்பிணிகள் உண்ணலாகாது என்பது கருத்து. அதைக் கண்ட பெண்களிற் சிலர் அதனைக் கர்ப்பத்தடை மருந்து என்று எண்ணினர்! படித்த நாட்டில், படித்த பெண்கள். வரைந்தவனுக்கு ஐயமில்லாத ஒன்று பார்த்தவருக்கு அப்படி இல்லை.

அணுக்கதிர் விஷயத்திலும் இதே அனுபவம். 1946-ல் கலிபோர்னியாவில் தோன்றிய மூவிதழ்ச் சின்னம் உலகெங்கும் பரவியது. கற்றவர்க்கன்றி மற்றவர்க்கு அது விசிறி போலவோ பூப் போலவோ தோன்றியது. பிரேஸில் தேசத்தின் கொய்யானியாவில் 1987-ல் கைவிடப்பட்ட வைத்தியக் கருவியைப் பழைய இரும்பென்று உடைத்தவர்கள், உள்ளே நீலமாக ஒளிர்ந்த பொடியைக் கண்டு மகிழ்ந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்; நால்வர் மாண்டனர். பின்னர் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தார் பதினொரு தேசங்களில், நம் இந்தியா உட்பட, பலதரப்பட்ட ஜனங்களிடம் காட்டிக் கேட்டு, கதிர் வீச்சும் மண்டையோடும் ஓடும் மனிதனும் அமைந்த புதிய சின்னத்தை 2007-ல் வெளியிட்டனர். கருவியை உடைக்க முற்படுபவனே காணும்படி அதை உட்புறத்தில் பதிக்கவேண்டும் என்றும் ஏற்பாடு. 2010-ல் டில்லி மாயாபுரியில் பல்கலைக்கழகத்தின் பழங்கருவி ஒன்று ஏலத்தில் போய், பிரிக்கப்பட்டு, கோபால்ட் கதிரால் ஒருவர் உயிர் துறந்தார். பழைய கருவிகளுக்குப் புதிய சின்னம் தானே நடந்து வந்து ஒட்டிக்கொள்ளாது.

சோதிக்காத குறி என்ன செய்யும் என்பதற்கு இராக் தேசத்தைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1971-ல் பாதரச விஷம் பூசிய விதைத் தானியம் அங்கு வந்திறங்கியது. மூட்டைகளில் ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை. மண்டையோட்டுப் படமும் உண்டு. தானியத்துக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தனர். குடியானவர்களுக்கு அவ்விரு பாஷைகளும் தெரியா. சாயத்தைக் கழுவினால் விஷம் போய்விடும் என்று நம்பிக் கழுவி, அரைத்து, ரொட்டி சுட்டு உண்டனர். விஷம் உடனே வேலை செய்யவில்லை. பல வாரங்கள் கழித்தே செய்தது. 6,530 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 459 பேர் இறந்தனர். எச்சரிக்கை கொடுத்தோம் என்று சொல்ல ஏற்றுமதி செய்தோரிடம் சான்று இருந்தது.

நம் சர்க்காரும் இத்தகைய பிழைக்கு விலக்கன்று. 2009-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி முதல் புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் கட்டாயமாயிற்று. மெல்லும் புகையிலைக்குத் தேர்ந்தெடுத்த படம் எது? தேள்! வாய்ப்புற்றுக்கும் தேளுக்கும் என்ன சம்பந்தம் என்று பாமரர் மாத்திரமா, பண்டிதரும் திகைத்தனர். விருச்சிக ராசிக்காரர் மெல்லலாகாது என்ற உபதேசமோ என்று பரிகசிக்கவும் இடமாயிற்று. 2011-ல் தேள் நீங்கி, நோயின் உண்மைப் படமே வந்தது. 2016 முதல் பொட்டலத்தின் இருபுறமும் 100-க்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கை பிடித்துக்கொண்டது. புகையிலைக்கு 85 பங்கு. மானோகுரோட்டோபாஸுக்குப் பதினாறில் ஒரு பங்கு. இந்த விகிதம் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது என்று அறிய விரும்புகிறோம்.

எழுத்தறியாதவரின் கண்ணுக்கேற்பக் குறி அமைப்பது இத்தேசத்துக்குத் தெரியாத காரியமா? மான்செஸ்டர் வியாபாரிகள் தம் துணிகளை இங்கே விற்கும் பொருட்டு நம் தெய்வங்களின் படங்களைச் சீட்டுகளில் வண்ண வண்ணமாக அச்சிட்டு ஒட்டினர். எந்தப் படம் எந்தப் பிரதேசத்தில் செல்லும் என்பதை ஆராய்ந்தே ஒட்டினர். சிவகாசியின் தீப்பெட்டிச் சீட்டுகளும் அப்படியே. பெயரை வாசிக்கத் தெரியாதவனும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினான். 1951-52-ல் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோது ஜனங்களில் 100-க்கு 18 பேரே எழுத்தறிந்தவர். ஏர் பூட்டிய காளைகளையும் குடிசையையும் பெட்டிகளின்மேல் ஒட்டி, கோடிக்கணக்கானோர் தம் விருப்பத்தைப் பிழையின்றித் தெரிவிக்கும்படி செய்தோம். விற்பதற்கும் வாக்குக் கேட்பதற்கும் குடியானவனின் கண்ணை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்கள், அவன் உயிரைக் காக்க மட்டும் ஏன் படிக்கவில்லை? சிவகாசியோ நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. அச்சுக்கூடங்களுக்கும் சித்திரக்காரருக்கும் பஞ்சமில்லை.

குறியைத் திருத்திவிட்டால் யாவும் திருந்திவிடும் என்று நாம் மயங்கவில்லை. புட்டியைக் கடையில் வாங்குபவர் நிலத்துக்காரர். நீரில் கலப்பவர் பெரும்பாலும் அவரே. தெளிப்பவனிடம் வருவது குறியில்லாத, நிறமில்லாத, கலங்கிய நீர். சீட்டு புட்டியோடு வரப்பின்மேல் நின்றுவிடுகிறது. தேவதானத்துக் கதையைத் திருப்பிச் சொன்னால், கனவு மந்திரிக்கு வருகிறது. ஆடை அரசனுக்குப் போகிறது. தெளிப்பானின்மேலேயே அழியாத குறி பதிக்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனாலேயே. காலிப் புட்டியின் கதை இன்னும் கொடியது. 2013-ம் வருஷம் ஜூலையில் பீஹாரின் சாரண் ஜில்லாவில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பற்பசைக் குழாயைப் போன்ற குழாயில் விற்ற எலிப் பசையால் தமிழ்நாட்டில் நேர்ந்த சாவுகளையும் வாசகர்கள் அறிவர். அங்கே பாத்திரத்தின் உருவமே பொய்யான குறியாயிற்று.

2017-ல் மஹாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்குத் தெளித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, தொழிலாளர் கவசம் அணியவில்லை என்று அவர்கள்மேலேயே பழி சுமத்தினர் சிலர். வெயிலில் அணிய முடியாத கவசத்தை, வாசிக்க முடியாத பிரசுரத்தில் சிபாரிசு செய்துவிட்டு, அணியாதவன் குற்றவாளி என்பது என்ன நியாயம்? சில விஷங்களுக்கு எந்தக் குறியும் போதாது. அவற்றைக் கடையிலிருந்து எடுத்துவிடுவதே எச்சரிக்கை. அதைச் செய்யாமல் குறியை மட்டும் பெரிதாக்குவது உற்பத்தியாளருக்கே அநுகூலமாகும். ‘சொல்லித்தானே விற்றோம்’ என்பர்.

ஆயினும் விற்கும் வரையில் குறி வேண்டும். இருக்கும் குறி விளங்கவும் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையார் 2003-ல் வெளியிட்ட பொது முறையில் சதுரங்கள் யாவும் சிவப்பு ஓரம் கொண்டவை. விஷத்தின் தரத்தை நிறம் காட்டுவதில்லை, சின்னமும் சொல்லும் காட்டுகின்றன. அம்முறையை நாமும் தழுவுவதானால், ஐம்பது வருஷமாகச் சிவப்பென்றால் மிகக் கொடியது என்று சிறிதாவது பழகிய கண்கள் மீண்டும் குழம்பும். மாற்றுவதற்கு முன் கேட்கவேண்டியவர்கள் டில்லியிலும் ஜெனீவாவிலும் இல்லை.

விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: எச்சரிக்கைக் குறி எதுவாயினும், அதைப் பயன்படுத்தும் தொழிலாளரிடம், அவர் வாழும் பிரதேசத்தில், அவர் பாஷையில் பரீட்சித்துத் தேறிய பின்னரே அச்சிடப்பட வேண்டும்; பரீட்சையின் முடிவு ஒளிக்காமல் வெளியிடப்பட வேண்டும். டில்லி அதைச் சேர்க்கும் வரை இங்கே காத்திருக்கத் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வித்துகளைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கின்றனர். வருகிற பட்டத்துக்கு முன் ஒரு நாள் காலையில், நான்கு சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் சேத்தூருக்கு வரட்டும். தெளிப்பு வேலைக்குப் புறப்படும் ஐம்பது பேரை, ஆணும் பெண்ணுமாக, தனித்தனியே நிறுத்தி, ‘இது என்ன சொல்கிறது?’ என்று மட்டும் கேட்கட்டும். விடையைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளட்டும். ஐம்பது விடைகளையும் அப்படியே வெளியிட நம் பத்திரிகையில் இடம் உண்டு.